செருப்பு கழல்வது தெரிகிறதா?

முதுகுவலி வராத ஆள் இல்லை. தண்டுவடக் கட்டி வருவது லட்சத்தில் ஒருவருக்கு. அந்த ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பது எப்படி? பாகலூரிலிருந்து பெங்களூர் வரை ஒரு கவர் ஸ்டோரி.

காலை ஐந்தரை மணி. பாகலூர் சர்க்கிளில் டீக்கடை விளக்கு மட்டும்தான் முழுசாக எரிகிறது. ஓசூர் சிப்காட்டுக்கு முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றும் கம்பெனி பஸ் ஒரு பக்கம். நேற்று அறுத்த ரோஜாவை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பெங்களூர் கிளம்பும் டெம்போ இன்னொரு பக்கம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற, கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லை ஊர். ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகும் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் அவசரமாக ரோட்டைக் கடந்து வேனில் ஏறுகிறார். பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார், “அக்கா, இன்னொரு செருப்பு எங்கே?” குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக இருக்கிறது. செருப்பு நடுரோட்டில் கிடக்கிறது. அது எப்போது கழன்றது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆறேழு மாதமாகவே தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு வலி. வேலை செய்யும்போது தாங்கும். ராத்திரி படுத்தால் கூடும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். நெஞ்சைச் சுற்றி யாரோ பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும். ‘வாயு’ என்று பூண்டும் பெருங்காயமும் சாப்பிட்டாயிற்று. மெடிக்கலில் வலி மாத்திரை, கிளினிக்கில் ஊசி, இடுப்புக்கு பெல்ட், ஒரு மண்டலம் எண்ணெய் வைத்தியம் எல்லாம் முடிந்தது. கால் மரத்ததும் கடன் வாங்கி ஸ்கேனும் எடுத்தார்கள். “இடுப்புல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு, வெயிட் தூக்காதீங்க” என்றார்கள். ஆனால் கால் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே வந்தது.

இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். தண்டுவடத்தை மெதுவாக அழுத்தும் கட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று மருத்துவம் சொல்கிறதோ, அதை ஒரு ஆளாக்கிக் காட்டியிருக்கிறோம். ஆனால் அந்தச் செருப்பு கற்பனை இல்லை. செருப்புப் போட்டு நடக்கிற நம் நாட்டில் நரம்பியல் மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் கேள்வி அது: “செருப்பு கழல்வது உங்களுக்குத் தெரிகிறதா, தெரியாமலே கழல்கிறதா?” கழல்வது தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் விரல்களில் பலம் குறைந்திருக்கிறது. கழன்றதே தெரியவில்லை என்றால் பாதத்தின் உணர்ச்சி போயிருக்கிறது. ஒரு ஜோடி ஹவாய் செருப்பு வைத்தே நோய் எந்த நரம்புப் பாதையைத் தொட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கோளாறு காலில் இல்லை

தண்டுவடம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் கட்டளையும், அங்கிருந்து திரும்பும் உணர்ச்சியும், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்தும் தகவலும் இந்த ஒரே பாதையில்தான் போய்வருகின்றன. இதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. சுற்றிலும் எலும்பு. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தால் எலும்பு விலகிக் கொடுக்காது. மென்மையான தண்டுவடம்தான் நசுங்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முதுகெலும்பு இடுப்பு வரை இருந்தாலும், தண்டுவடம் அதுவரை வருவதில்லை. இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கொத்து மட்டும்தான். நோய் பிடிபடுவதும் நழுவுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: கட்டி எங்கே, என்ன வகை?

• உறைக்கு வெளியே: தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே, பெரும்பாலும் முள்ளெலும்பில் வருபவை. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு போன்ற இடங்களில் தொடங்கிய புற்றுநோய் இங்கே பரவுவதுதான் அதிகம்.

• உறைக்கு உள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே: மெனிஞ்சியோமா, ஷ்வானோமா, நியூரோஃபைப்ரோமா. பெரும்பாலும் புற்று அல்லாத, மெதுவாக வளரும் கட்டிகள். மெனிஞ்சியோமா நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு, நெஞ்சுப் பகுதி முதுகில் அதிகம்.

• தண்டுவடத்துக்கு உள்ளேயே: எபென்டிமோமா பெரியவர்களுக்கும், ஆஸ்ட்ரோசைட்டோமா குழந்தைகளுக்கும் அதிகம். ரத்தநாளங்களால் ஆன ஹெமான்ஜியோபிளாஸ்டோமா அரிது.

• தண்டுவடத்திலும் அதன் உறையிலும் தானாகத் தோன்றும் கட்டிகள் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 18.8 லட்சம் பேர் வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தக் கணக்கு ஆண்டுக்கு 20 பேருக்குப் பக்கத்தில் வரும். பரவிவரும் புற்றுக்கட்டிகள் இதில் சேராது.

இடுப்பைப் படம் எடுத்தால் நெஞ்சு தெரியாது

கால் மரத்தது, எனவே இடுப்பை ஸ்கேன் செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி நெஞ்சு மட்டத்து முதுகில் இருந்தால், இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் அது தெரிய வாய்ப்பே இல்லை. தெரிவது வேறு ஒன்று. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும், இருபது வயதில் பத்துக்கு மூன்று பேருக்கும், எண்பது வயதில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருக்கும் என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, நாற்பத்தைந்து வயதுக்காரரின் இடுப்பில் ஒரு பிதுக்கம் கிடைப்பதில் அதிசயமே இல்லை. ரிப்போர்ட்டில் அந்த வரி வந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அத்தோடு தேடல் நிற்கிறது. மேலே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பத்து நிமிடமும் ஒரு சுத்தியலும் ஒரு குண்டூசியும் போதும். நல்ல பரிசோதனை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலில் மருத்துவர் நடக்கச் சொல்வார். விறைத்த கால் தரையை உரசிக்கொண்டு வரும். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். பாதத்தின் இடஉணர்வு போனவர் தள்ளாடுவார். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டுவார். கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளும். உள்ளங்காலில் சாவிமுனையால் குதிகாலிலிருந்து மேலே கீறுவார். சாதாரணமாகக் கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மேலே எழும். 1896-ல் பபின்ஸ்கி சொன்ன அடையாளம் இது. கடைசியாகக் குண்டூசி. பாதத்திலிருந்து மெதுவாகத் தொட்டுக்கொண்டே மேலே போவார். “இங்க தெரியுதாம்மா?” “இல்ல சார், மந்தமா இருக்கு.” தொடை, வயிறு, தொப்புள் எல்லாம் மந்தம். மார்புக்குக் கீழே ஒரு இடத்தில் “ஆ, இங்க சுருக்குன்னு இருக்கு!” அந்தக் கோடுதான் விலாசம். மார்புக்காம்பு மட்டம் என்றால் நெஞ்சுப் பகுதியின் நான்காவது நரம்பு. தொப்புள் என்றால் பத்தாவது. கட்டி அதை ஒட்டியோ அதற்கும் மேலேயோ இருக்கும்.

இப்போது முன்பு சொன்ன விஷயத்துக்கு வருவோம். துள்ளும் முழங்கால், விறைப்பு, மேலே எழும் கட்டைவிரல் எல்லாம் தண்டுவடமோ அதற்கு மேலே மூளையோ பாதிக்கப்பட்டதன் அடையாளம். இடுப்பின் எல்-4, எல்-5 மட்டத்தில் தண்டுவடமே இல்லை. அங்கே டிஸ்க் எவ்வளவு பிதுங்கினாலும் கட்டைவிரல் மேலே எழாது. இந்த அடையாளம் இருக்கும்போது இடுப்பு ரிப்போர்ட்டைக் காட்டி ‘டிஸ்க்’ என்று முடித்துவிடக் கூடாது. கழுத்திலிருந்து கீழ்வரை முழு முதுகெலும்பையும் எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும்; கட்டி என்று சந்தேகம் இருந்தால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியும் படம் எடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மென்மையான கட்டியைக் காட்டாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பது ஆறுதல் ஆகாது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. சத்தம் பலமாக இருக்கும், அரைமணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். பேஸ்மேக்கர், உடலில் உலோகத் துண்டு, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவர்கள் கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். சிப்காட் வட்டாரத்தில் இது சாதாரண விஷயம்.

இந்த மண்ணுக்கென்று சில முகமூடிகள்

கால் விறைத்து நடக்க முடியாமல் வருபவரைப் பார்த்தால் இந்த மாவட்டத்து மருத்துவருக்குக் கட்டி முதலில் நினைவுக்கு வராது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒன்று, தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல்லில் பழுப்புக் கறையாகத் தொடங்குவது, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறும். முதுகெலும்பு இறுகி, தசைநார்கள் சுண்ணாம்பேறி, தண்டுவடத்தையே நெருக்கும். இந்தியாவில் ஃபுளோரைடு பாதிப்பு முதலில் மருத்துவ ஏட்டில் பதிவானது 1937-ல், அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதற்கு இந்தப் பாதிப்புதான் காரணம். குழாயில் காவிரி வந்தாலும், பழைய போர்த் தண்ணீர் எலும்பில் எழுதிய கணக்கு அழிவதில்லை.

இரண்டு, காசநோய். டி.பி. நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். ராத்திரி வலி, மெலிவு, கால் பலவீனம் எல்லாமே கட்டி போலவே இருக்கும். ஸ்கேனில்கூட சில சமயம் குழப்பும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெளிவாகும். டி.பி. என்றால் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகும். அதனால் ‘எதற்கும் டி.பி. மாத்திரை சாப்பிட்டுப் பாருங்கள்’ என்ற பரிந்துரையும் அடிக்கடி வருகிறது. நிரூபிக்காமல் தொடங்கினால், கட்டி இருப்பவருக்கு அது வீணாகப் போன மாதங்கள்.

மூன்று, வேலை. நாள் முழுக்கக் குனிந்து பூ அறுப்பவர், மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர், லோடு ஏற்றுபவர் எல்லோருக்கும் முதுகுவலிக்குத் தயாராக ஒரு காரணம் இருக்கிறது. வலிக்கிறவரே சொல்லிவிடுகிறார், “வேலை செஞ்ச வலிதான்.” பத்தில் ஒன்பது பேருக்கு அது உண்மையும்கூட, சில வாரத்தில் சரியாகிவிடும். பத்தாவது ஆளைத் தனியாகப் பிரிக்க வேண்டியதுதான் மருத்துவரின் வேலை.

பெட்டிச் செய்தி: எப்போது தள்ளிப்போடக் கூடாது?

• படுத்தால் கூடி, தூக்கத்திலிருந்து எழுப்பும் முதுகுவலி
• நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை போட்டது போன்ற இறுக்கம்
• செருப்பு கழல்வது, கால் விறைப்பது, இருட்டிலோ முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ தள்ளாடுவது
• கையால் சட்டைப் பொத்தான் போட, பூக்கட்ட முடியாமல் தடுமாறுவது (கழுத்துப் பகுதிக் கட்டியில்)
• சிறுநீர் வரத் தாமதம், அடக்க முடியாமை, அந்தரங்கப் பகுதி மரத்துப்போதல்
• ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எந்த முதுகுவலியும்
• குழந்தைக்கு விடாத முதுகுவலி, புதிதாக முதுகு வளைதல், நடை மாறுதல்

கால் பலம் வேகமாகக் குறைந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். காரணம் தெரியாத கால் பலவீனத்துக்கு முதுகைப் பிசைவது, மிதிப்பது, இழுத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

கத்தி வைத்தால் கால் போய்விடுமா?

“முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்.” இந்த பயம் இல்லாத வீடு இல்லை. 1887-க்கு முன்னால் மருத்துவர்களுக்கும் இதே பயம்தான். அந்த ஆண்டு ஜூன் 9 அன்று லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி ஒரு ராணுவ கேப்டனின் முதுகைத் திறந்தார். மூன்று ஆண்டாக வலி. பார்த்த மருத்துவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்; மனக்கோளாறு என்ற சந்தேகம்கூட வந்தது. கடைசியில் இரண்டு காலும் விழுந்து, சிறுநீரும் நின்றபிறகு, வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் உணர்ச்சி மறையும் கோட்டைப் பார்த்தே கட்டி நெஞ்சு மட்டத்தில் என்று சொன்னார். ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரேயே கண்டுபிடிக்கப்படவில்லை. ஹார்ஸ்லி முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் மேலே எலும்பை எடுத்தார், கிடைத்தது. ஒரு வருடத்தில் அந்த கேப்டன் மூன்று மைல் நடந்தார். தண்டுவடக் கட்டியை அறுவை செய்து வெற்றிகரமாக எடுத்த முதல் சம்பவமாக வரலாறு இதைச் சொல்கிறது.

இன்றைக்கு மைக்ராஸ்கோப் இருக்கிறது. கட்டியை அதிர்வால் உடைத்து உறிஞ்சும் அல்ட்ராசானிக் கருவி இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும்போதே மூளையிலிருந்து காலுக்குச் சமிக்ஞை போகிறதா என்று நொடிக்கு நொடி பார்த்துச் சொல்லும் நரம்புக் கண்காணிப்பு இருக்கிறது. சமிக்ஞை குறைந்தால் சர்ஜன் கையை நிறுத்திவிடுவார்.

உறைக்குள்ளே, தண்டுவடத்துக்கு வெளியே இருக்கும் கட்டியை முழுதாக எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. வேறு சிகிச்சை வேண்டியிருக்காது. தண்டுவடத்துக்கு உள்ளே இருப்பது கடினம். எபென்டிமோமாவுக்கு விளிம்பு தெளிவாக இருந்தால் முழுதாக எடுத்துவிடலாம். ஆஸ்ட்ரோசைட்டோமா தண்டுவடத்தோடு கலந்து பரவும். எடுக்க முடிந்ததை எடுத்து, தேவைப்பட்டால் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். தண்டுவடத்தைத் திறந்து எடுத்த அறுவைக்குப் பிறகு முதல் சில வாரம் மரமரப்பும் தள்ளாட்டமும் முன்பைவிடக் கூடலாம். இதை முன்பே சொல்லாவிட்டால் குடும்பம் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று பதறும். பலருக்கு மெதுவாகச் சீராகும். தண்டுவட நீர் கசிவு, தொற்று, நிரந்தர பலவீனம் ஆகிய ஆபத்துகளும் உண்டு. யாரும் நூறு சதவீத உத்தரவாதம் தர முடியாது.

ஆனாலும் பயத்துக்குப் பதில் ஒன்று உண்டு. அறுவைக்குப் பிறகு ஒருவர் நடப்பாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அறுவைக்கு முன் அவர் நடந்துகொண்டிருந்தாரா என்பதுதான். நடந்து உள்ளே போனவர் நடந்து வெளியே வரும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டு காலும் முழுதாக விழுந்து, நாள் பல கடந்து ஸ்ட்ரெச்சரில் வருபவருக்கு எவ்வளவு நல்ல சர்ஜன் கிடைத்தாலும் மீட்சி குறைவு. ஊரில் ‘ஆபரேஷன் பண்ணி படுத்துட்டாரு’ என்று சொல்லப்படும் கதைகளில் எத்தனை, உண்மையில் ‘படுத்த பிறகு ஆபரேஷன்’ என்ற கதை என்று யாரும் கேட்பதில்லை.

பரவிய புற்றுநோயிலும் இதே கணக்குதான். 2005-ல் லான்செட் இதழில் பேட்செல் குழு வெளியிட்ட ஆய்வு 101 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. கட்டி தண்டுவடத்தை அழுத்திய நிலையில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். அறுவை செய்து கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம். எல்லோருக்கும் அறுவை பொருந்தாது. ஒரே இடத்தில் அழுத்தம், தாங்கும் உடல், ஓரளவு ஆயுள் எதிர்பார்ப்பு இருப்பவர்களுக்கான முடிவு அது. ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தண்டுவட அழுத்தமே உடலில் புற்றுநோய் இருப்பதன் முதல் அறிவிப்பாக வருகிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல், நரம்பு பாதிப்பு தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது.

ஓசூர் ரோடு எங்கே போகிறது?

பாகலூர்க்காரருக்கு வாய்ப்பும் சிக்கலும் ஒரே சாலையில் இருக்கின்றன. பெங்களூரின் நிமான்ஸ் மருத்துவமனையின் முகவரியே ஓசூர் ரோடு. 1974-ல் உருவாகி, 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற, மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் என்றே உள்ள அரசு நிறுவனம். பக்கத்திலேயே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். நிமான்ஸ் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்.

தமிழ்நாட்டுப் பக்கமும் பாரம்பரியம் சின்னதல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சீர்காழியில் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

எல்லை ஊர்க்காரருக்கு வருகிற சிக்கல் காகிதத்தில்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் அட்டை கையில் இருப்பதாலேயே மாநில எல்லை தாண்டிய எல்லா ஆஸ்பத்திரியும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, அந்த அறுவை சிகிச்சை அதில் அடங்குமா என்று கிளம்பும் முன்பே 104-ல் கேட்டுக்கொள்வது நல்லது. வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஆயுஷ்மான் அட்டை இங்கே செல்லுமா என்பதையும் அப்படியே விசாரிக்கலாம். அட்டை எடுக்க ஓடுவதிலேயே கால் விழும் நிலை வந்தால், முதலில் ஆஸ்பத்திரி, பிறகு காகிதம்.

பெட்டிச் செய்தி: சம்பளம் நின்றால்? இ.எஸ்.ஐ. தரும் உரிமை

• மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம்.

• சாதாரண நோய்க்கால உதவி: ஆண்டில் 91 நாள் வரை, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம்.

• நீண்டகால நோய்களுக்கான பட்டியலில் 34 நோய்கள் உள்ளன. தண்டுவட அழுத்தமும், இரு கால் செயலிழப்பும், புற்றுநோயும் அதில் இருக்கின்றன. இதற்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு.

• இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும், நோய்க்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்தில் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிகள் கான்ட்ராக்டர் மாறும்போது பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் புது எண் போட்டால் இந்த நாள்கணக்கு விட்டுப்போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டி போய்விட்டது, கால் முழுதாகத் திரும்பவில்லை. அப்போது வாழ்க்கை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு மாறுகிறது. அடுத்த இரண்டு ஆண்டை முடிவு செய்வது மூன்று சின்ன விஷயங்கள்.

தோல்: உணர்ச்சி இல்லாத உடம்புக்கு ஒரே இடத்தில் படுத்தால் வலிக்காது, புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வீல்சேரில் இருந்தால் கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். சிறுநீர்: நிரந்தரமாகக் குழாய் போட்டு வைப்பதைவிட, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான சிறு குழாயால் எடுத்துவிடக் கற்றுக்கொண்டால் சிறுநீரகம் பிழைக்கும். கக்கூஸ்: வாசல் அகலமும், பிடிக்கக் கம்பியும், மேல்நாட்டு அமர்விடமும் இல்லாததால் வேலைக்குத் திரும்பாமலே போனவர்கள் உண்டு. இவற்றோடு பிசியோதெரபிப் பயிற்சியும் விடாமல் நடக்க வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டு மடங்கி இறுகிவிடும்.

இந்த உதவி வீட்டுக்கே வர வழி உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் அடக்கம். அது பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்து, படுக்கையில் இருப்பவரின் பெயரைக் கொடுக்காமல் விடும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாத உதவித்தொகைக்கும், சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கலாம்.

மறுவாழ்வுக்கு வழிகாட்டியவர்களைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வேலூர் சி.எம்.சி.யில் 1966-ல் மறுவாழ்வு மையத்தைத் திறந்தார். 1975-ல் கடற்படைத் தேர்வில் கழுத்துத் தண்டுவடம் முறிந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் இருவருக்கும் விபத்து. கட்டியால் பாதிக்கப்பட்டவரைக் கேட்டால், தீபா மாலிக். தண்டுவடக் கட்டிக்காக 1999-ல் அறுவை நடந்தபோது கணவர் கார்கில் போர்முனையில். அறுவைக்குப் பின் நெஞ்சுக்குக் கீழே செயலில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகு விளையாட்டுக்கு வந்து, 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினார். பாராலிம்பிக்ஸ் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

அவரைப் போல எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. தோட்டத்துக்கோ ஷிஃப்ட்டுக்கோ திரும்பினால் போதும். அதற்கு வேண்டியதில் பெரும்பகுதி சர்ஜனின் கையில் இல்லை. முதல் ஆறு மாதத்தில் யார் பார்த்தார்கள், எந்த மட்டத்தைப் படம் எடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. பாகலூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓசூர் கம்பெனி மருத்துவ அறைகளிலும் ஒரு சுத்தியலும் குண்டூசியும், கால் விறைப்போடு வருபவரை உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் ஒரு விதியும் இருந்தால், இந்த மாவட்டத்தின் அந்தச் சிலருக்கு அது கோடி ரூபாய்க் கருவியைவிட அதிகம் செய்யும்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ முதுகுவலியோடு கால் மரத்தால், இடுப்பு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு திருப்தியாகிவிடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள்: “சார், காரணம் இடுப்புக்கு மேல இருக்குமா? முழு முதுகையும் பார்க்கணுமா?” இந்தக் கேள்விக்குச் செலவில்லை. இந்த வாரமே கேளுங்கள்.